பொன்னாடை யாருக்கு?

தேர்வு முடிவு வெளியானதும் மாவட்டந்தோறும் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பாராட்டு விழாக்கள். மகிழ்ச்சி! ஆனால் ரேங்க் பட்டியலைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்ட பிறகும், நம் மேடைகள் முதல் மூன்று பேரைத்தான் தேடுகின்றன.

2020-இல் வந்த 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு, அவ்வாண்டே மருத்துவ, பல் மருத்துவக் கல்லூரிகளில் சுமார் 400 இடங்களை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தந்தது. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அங்கேயே படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த ஏழாண்டும் பாடுபட்ட ஆசிரியர்களை எந்த மேடை அழைத்தது?

இளைஞர்களே, வணிகப் பெருமக்களே! பத்தாம் வகுப்போடு மகனைக் கல்லாவில் உட்கார வைக்க நினைத்தபோது, வீடு தேடி வந்து வாதாடிய ஆசிரியர் உங்கள் ஊரிலும் இருப்பார். அடுத்த விழாவின் முதல் பொன்னாடையை அவருக்குப் போர்த்துங்கள்.