சாரலில் வீடு வாங்காதீர்கள்

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால், மேலகரம், இலஞ்சிப் பக்கம் வீடு விசாரித்து வருகிறவர்கள் கூட்டமும் கூடிவிடும். பாதிப் பேர் பணி ஓய்வு பெற்றவர்கள். வேலைக்காலம் முழுக்கக் கருவூலத்தில் ஓய்வூதியப் பட்டியல் பார்த்தவன் என்பதால் என்னிடம் யோசனை கேட்பார்கள். சில வருஷங்களாக ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: "அண்ணாச்சி, இங்கனயே வாங்கவா, புளியரையத் தாண்டி கேரளாவுல வாங்கவா? எந்தப் பக்கம் வரி கம்மி?"

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் சொல்லித்தான் பலருக்கு இந்த எண்ணமே வருகிறது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் தனியாக வருமான வரி வாங்குகிறது, ஃபுளோரிடா வாங்குவதில்லை. வயதானவர்கள் அங்கே குடிபெயர அதுவும் ஒரு காரணம். இங்கே விவசாய வருமானம் தவிர மற்ற வருமானத்துக்கு வரி போடும் அதிகாரம் மத்திய அரசுக்குத்தான். நிலைக்கழிவு 75,000 ரூபாயையும் சேர்த்து, புதிய முறையில் 2025-26 முதல் ஆண்டுக்கு 12.75 லட்சம் வரை ஓய்வூதியத்துக்கு வரி இல்லை. தென்காசியில் வாங்கினாலும் புனலூரில் வாங்கினாலும் அதே கணக்குதான். தொழில் வரியோ வேலையோடு போயிற்று.

மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறவை வேறு. பெட்ரோல் தமிழ்நாட்டில் மலிவு. 2023 ஏப்ரலில் கேரள அரசு லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்புத் தீர்வையும் சேர்த்தது. செங்கோட்டைப் பக்கத்துப் பெட்ரோல் பங்க்குகளில் கேரளப் பதிவெண் வண்டிகள் வந்து நிற்பது அதனால்தான். கேரளத்தில் புது வீடு கட்டினால் வருவாய்த் துறைக்கு ஒருமுறைக் கட்டட வரி உண்டு. காரை மாநிலம் மாற்றிப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்து புது மாநிலத்தில் வரி கட்ட வேண்டும். இதெல்லாம் ஓய்வூதியக்காரருடைய மாதச் செலவைப் புரட்டிப் போடாது.

கையைக் கடிப்பது பத்திரச் செலவு. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கேரளத்தில் 8, 2. நாற்பது லட்ச ரூபாய் வீட்டுக்கு இங்கே 3.60 லட்சம், அங்கே 4 லட்சம். வித்தியாசம் 40,000 ரூபாய். 2023-இல் நம் அரசு பதிவுக் கட்டணத்தை 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைத்தது உண்மை. அதே கையோடு வழிகாட்டி மதிப்பை உயர்த்தியதும் உண்மை.

என் நண்பர் ஒருவர் ஐந்தருவி சாலையில் ஆடி மாதம் வீடு பார்த்தார், ஆவணியில் பதிவு செய்தார். பத்திர எழுத்தர் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்த கூட்டலை எனக்குக் காட்டினார். அடியில் 3.60 லட்சம். பணிக்கொடையிலிருந்து கொடுத்தார். அடுத்த சாரலில் அவர் வீட்டம்மாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. வடக்குச் சுவரில் பூஞ்சணம், கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயவில்லை. அவசரத்துக்குத் தென்காசி அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சைக்குத் திருநெல்வேலிக்குத்தான் ஓட வேண்டும். கடைசியில் அந்த வீட்டை வாங்கிய விலைக்கே விற்றுப் பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் ஏறக்குறைய அதே விலைக்கு வேறு வீடு வாங்கினார். மறுபடியும் ஒன்பது சதவீதம். இரண்டு பத்திரத்துக்குமாக ஏழு லட்சத்துக்கு மேல் போயிற்று. எல்லைக்கு எந்தப் பக்கம் மலிவு என்று தேடுகிறவர்கள் இந்த ஏழு லட்சத்தை யோசிப்பதில்லை.

ஆகவே வருகிறவர்களிடம் நான் சொல்வது: ஒரு வருஷம் வாடகைக்கு இருங்கள். சாரலைப் பார்த்த கண்ணால் பங்குனி, சித்திரையையும் பாருங்கள். அருவி வறண்டு, ஊர் வெறிச்சென்று, வெயில் கொளுத்தும். அப்போதும் பிடித்திருந்தால் வாங்குங்கள். வாங்குமுன் வில்லங்கச் சான்றோடு கடைசி வீட்டுத் தீர்வை ரசீதையும் கேளுங்கள். 2022 உயர்வுக்குப் பிறகு அது முன்போல் சில்லறைத் தொகை இல்லை. அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு.

அரசிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் குறைக்கிறார்கள். நல்ல காரியம். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை 40,000 ரூபாய்க்கு மேல் போகாதபடி வரம்பு இருக்கிறது. அறுபது கடந்தவர் தான் குடியிருக்க வாங்கும் ஒரே வீட்டுக்கும் இப்படியொரு வரம்பு வேண்டும். இருக்கிற வீட்டை விற்று ஓராண்டுக்குள் அடுத்தது வாங்கினால், முதலில் கட்டிய தீர்வையைக் கழித்துக்கொள்ளவும் வழி செய்யலாம். முதுமையில் உடம்புக்கு ஒத்துவராமல் ஊர் மாறுகிறவரிடம் இரண்டாம் முறையும் முழுத் தீர்வை வாங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.