எல்லாம் வாசலுக்கு வருகிறது, பேச்சைத் தவிர

முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே ரேஷன் பொருள்களைக் கொண்டுசேர்க்கும் ‘தாயுமானவர்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025 ஆகஸ்டில் தொடங்கியது. மூட்டுவலியோடு வெயிலில் கால்கடுக்க நின்றவர்களுக்கு அது பெரிய நிம்மதி. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால், ரேஷன் கடை வரிசையில் அரிசி, பருப்போடு வேறொன்றும் கிடைத்துவந்தது. ‘பாமாயில் வந்துருச்சா?’, ‘மருமகளுக்குக் குழந்தை பொறந்தாச்சா?’, ‘என்னக்கா, ஆளையே காணோம்?’ என்று நாலு வார்த்தை பேச அங்கே ஆள் இருந்தது. தனியாக வாழும் பலருக்கு அந்த வாரத்தின் நீளமான உரையாடலே அதுதான்.

இப்படி ஓசையில்லாமல் மறைந்துவரும் பேச்சிடங்கள் பல. மின்கட்டணம் கைபேசியிலேயே முடிந்துவிடுகிறது. பாஸ்புக்கை இயந்திரம் அச்சிட்டுத் தருகிறது. ஓய்வூதியர்கள் கருவூலத்துக்கு ‘நேர்காணல்’ கொடுக்கப் போன நாள்களில், பழைய சகாக்களைப் பார்த்துவிட்டு வருவதே பாதி வேலை. 2014-இல் வந்த ‘ஜீவன் பிரமாண்’ மின்னணு ஆயுள் சான்று அந்தப் பயணத்தின் தேவையைக் குறைத்துவிட்டது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நல்ல வசதி. எல்லாம் ஒன்றுசேரும்போது, வெளியாள் ஒருவரிடமும் வாய்திறக்காமல் ஒரு மாதத்தை ஓட்டிவிட முடிகிறது.

பெருகும் முதுமை

மக்கள்தொகை குறித்த தேசியத் தொழில்நுட்பக் குழுவின் கணிப்புப்படி, தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோரின் பங்கு 2021-இல் 13.6%, 2031-இல் இது 18.2% ஆகும். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. பிள்ளைகள் பெங்களூரிலும் வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் இருக்க, பூட்டிய அறைகள் நிறைந்த வீட்டில் ஒருவரோ இருவரோ வாழ்வது சிற்றூர்களிலும் சாதாரணமாகிவிட்டது.

தனிமையை மேற்கத்திய வியாதி என்று ஒதுக்குவதற்கும் இனி வழியில்லை. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்பட்டிருப்பதாகவும், ஆண்டுக்கு ஏறத்தாழ 8.71 லட்சம் மரணங்களுக்கு அதனுடன் தொடர்பு இருப்பதாகவும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025 ஜூனில் அறிக்கை அளித்தது. வருமானம் குறைந்த நாடுகளில் தனிமையை உணர்வோரின் விகிதம் பணக்கார நாடுகளைவிட இரு மடங்கு என்கிறது அதே அறிக்கை.

மூளைக்கும் பசி

2020-இல் ‘நேச்சர் நியூரோசயன்ஸ்’ இதழில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். 40 பேரை ஒரு நாள் பத்து மணி நேரம் தனியறையில், கைபேசிகூட இல்லாமல் இருக்க வைத்தார்கள். இன்னொரு நாள் அதே நேரம் பட்டினி. பட்டினி கிடந்தவர்களுக்கு உணவுப் படத்தைக் காட்டியபோது நடுமூளையின் எந்தப் பகுதி தூண்டப்பட்டதோ, தனித்திருந்தவர்களுக்கு மனிதர்கள் கூடிப்பேசும் படத்தைக் காட்டியபோதும் அதே பகுதி தூண்டப்பட்டது. மனிதத் துணைக்கான ஏக்கத்தை மூளை பசியைப் போலவே நடத்துகிறது.

பசி நீடித்தால் உடல் மெலியும். பேச்சில்லாமை நீடித்தால் என்னவாகும்? உரையாடல் எளிய காரியமல்ல. எதிராளி சொல்வதைக் காதில் வாங்கி, முகத்தைப் படித்து, பதிலுக்கான சொல்லைத் தேடி, சரியான இடத்தில் நுழைய வேண்டும். இவை எல்லாம் நொடிப்பொழுதில் நடக்கின்றன. பழக்கம் விட்டுப்போனால் சொற்கள் உடனே வந்து விழுவதில்லை. சிலர் கேட்டதற்கு மட்டும் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறார்கள். சிலர் ஆள் கிடைத்தால் விடாமல் கொட்டித் தீர்க்கிறார்கள். முன்னவரை ‘முசுடு’ என்கிறோம், பின்னவரை ‘அறுவை’ என்கிறோம். இரண்டுமே பேச ஆளில்லாமல் போனதன் விளைவாக இருக்கக்கூடும் என்று யோசிப்பதில்லை.

இதைவிடக் கொடிய சுழல் ஒன்று உண்டு. தனிமை குறித்துப் பல்லாண்டு ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காசியோப்போ, நீண்ட தனிமை மனிதரைச் சந்தேகம் மிக்கவராக்குகிறது என்று விளக்கினார். ‘அப்புறம் பேசறேம்மா’ என்று அலுவலக அவசரத்தில் மகன் சொன்னது, நாள் முழுக்கத் தனியாக இருக்கும் தாயின் மனதில் ‘என்னைத் தட்டிக்கழிக்கிறான்’ என்றாகிறது. மறுமுறை அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மகனும் அழைப்பைக் குறைக்கிறார். தனிமை மேலும் தனிமையைப் பெறுகிறது.

அழைப்பு வந்தாலும் அதில் என்ன பேசுகிறோம்? ‘சாப்டீங்களா?’ ‘சாப்டேன்.’ ‘மாத்திரை போட்டீங்களா?’ ‘போட்டேன்.’ ‘சுகர் பாத்தீங்களா?’ ‘பாத்தேன்.’ ‘சரி, உடம்பப் பாத்துக்கோங்க.’ அக்கறையில் பழுதில்லை. ஆனால், இதில் ஒரு கதை இல்லை, சண்டை இல்லை, சிரிப்பு இல்லை. பதில் சொல்பவர் ஒரு முழு வாக்கியம்கூடப் பேசவில்லை.

காது மந்தமாவது இதனோடு சேர்ந்துகொள்கிறது. திரும்பத் திரும்ப ‘என்ன?’ என்று கேட்கக் கூச்சப்பட்டு, காதில் விழாததற்கும் தலையாட்டிப் பழகியவர்கள் மெல்ல மெல்லக் கூட்டத்திலிருந்து ஒதுங்கிவிடுகிறார்கள். கேட்புத்திறன் இழப்பு, சமூகத் தனிமை, மனச்சோர்வு மூன்றையும் மறதிநோய்க்கான தடுக்கக்கூடிய காரணிகளாக ‘லான்செட்’ ஆணையம் 2024-இல் பட்டியலிட்டது. மூக்குக்கண்ணாடிக்குத் தயங்காத நம் வீடுகள், காது மெஷினுக்கு மட்டும் ‘இந்த வயசுல எதுக்கு?’ என்கின்றன.

முதியோரின் மனச்சோர்வு பெரும்பாலும் அழுகையாக வெளிப்படுவதில்லை. உடம்பெல்லாம் வலி, தூக்கமின்மை, பசியின்மை, மறதி என்று மாறுவேடத்தில் வருகிறது. ‘வயசானா அப்படித்தான்’ என்று வீடும் சொல்கிறது. சில நேரம் மருத்துவரும் சொல்லிவிடுகிறார்.

அறிமுகம் மட்டும் போதும்

தீர்வு என்றதும் பலர் திண்ணையை நினைத்து ஏங்குகிறார்கள். அந்தத் திண்ணையில் எல்லோரும் உட்கார முடிந்ததில்லை. சாதி பார்த்தே இடம் கிடைத்தது. பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்றார்கள். கைம்பெண்களுக்குக் கூட்டுக்குடும்பமே தனிச்சிறையாக இருந்தது. எனவே, பழையதை மீட்பதைவிட யாரும் வரக்கூடிய புதிய இடங்களை உருவாக்குவதே நம் வேலை.

அதற்கு நெருங்கிய உறவுகள்தான் வேண்டும் என்பதில்லை. கில்லியன் சாண்ட்ஸ்ட்ரோம், எலிசபெத் டன் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகள், லேசாக அறிமுகமானவர்களுடன் பேசும் சிறு பேச்சுகூட மகிழ்ச்சியையும் ‘நானும் இங்கே ஒருவர்’ என்ற உணர்வையும் கூட்டுவதைக் காட்டின. நெதர்லாந்தின் ‘யும்போ’ பல்பொருள் அங்காடி 2019-இல், அவசரமில்லாதவர்கள் நின்று பேசிவிட்டுப் போகத் தனிக் கல்லா திறந்தது. ஜிம்பாப்வேயில் உளவியல் மருத்துவர் டிக்சன் சிபண்டா, உள்ளூர்ப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி தந்து சுகாதார நிலைய வாசல்களில் ‘நட்பு பெஞ்ச்’ போட்டார். மனச்சோர்வு குறைவதை 2016-இல் வெளியான மருத்துவப் பரிசோதனை உறுதிசெய்தது. இவற்றுக்குப் பெரிய செலவில்லை.

நம்மிடமும் அடித்தளம் இருக்கிறது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர் ரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கே வருகிறார். கடந்த இரு வாரங்களில் எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்திருந்ததா என்ற இரண்டு கேள்விகளை அவர் சேர்த்துக் கேட்கலாம். உலகெங்கும் மனச்சோர்வைக் கண்டறிய முதலில் கேட்கப்படுபவை அவை. ஆனால், எத்தனை வீடு முடித்தார் என்பதை மட்டுமே கணக்கிட்டால் எந்தப் பணியாளரும் உட்கார்ந்து பேச மாட்டார். பேசும் நிமிடங்களும் பணி நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். அதற்கேற்ப ஊதியமும் ஆள்பலமும் வேண்டும். ரேஷன் வாகனம், நடக்க முடிந்தவர்களுக்காகத் தெருமுனையில் அரை மணி நேரம் நிற்கலாம். வங்கிகள் முதியோருக்கு மனிதர் அமர்ந்த ஒரு கவுன்டரையாவது விட்டுவைக்க வேண்டும். கிளை நூலகங்களின் மாலை நேரத்தைக் கூடிப் பேசுவதற்கும் திறந்துவிடலாம்.

தனியாக வாழ்வோர் எல்லோரும் நோயாளிகள் அல்லர். தனிமையை விரும்பி ஏற்றவர்களும் உண்டு. பேச விரும்பியும் ஆளில்லாதவர்களைப் பற்றியதே இந்தக் கவலை. அவர்களுக்காக முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கான ‘டெலி மானஸ்’ எண் 14416 இரண்டும் இருக்கின்றன. ஆனால், முதல் அழைப்பு வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது மாத்திரைக் கணக்கைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேளுங்கள். பதில் நீளும், நீளட்டும், குறுக்கிடாதீர்கள்.