லினக்ஸுக்கும் எக்ஸ்பைரி தேதி உண்டு!

பால் பாக்கெட் வாங்கினால் தேதி பார்க்கிறோம். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்கிறோம். ஆனால் வங்கி வேலை, பிள்ளைகளின் படிப்பு, குடும்ப போட்டோ என எல்லாம் இருக்கும் லேப்டாப்பின் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் ஒரு தேதி உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. 2016-ல் வாங்கிய லேப்டாப் நன்றாக ஓடினாலும் இந்தத் தேர்வில் தேறாது. அதைப் பழைய விலைக்குத் தள்ளும் முன் லினக்ஸைப் பாருங்கள். இலவசம். அரசின் விலையில்லா லேப்டாப்பில் ‘பாஸ்’ லினக்ஸ் பார்த்தவர்களுக்குப் பெயர் புதிதல்ல.

எதைத் தேர்ந்தெடுப்பது?

லினக்ஸில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், தேதியைப் பாருங்கள். உபுண்டுவில் எண்ணே தேதி. 24.04 என்றால் 2024 ஏப்ரலில் வந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் ‘எல்.டி.எஸ்.’ பதிப்புக்கு ஐந்து ஆண்டு பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். அதாவது 24.04-க்கு 2029 ஏப்ரல் வரை. இடையில் வரும் 25.10 போன்றவற்றுக்கு ஒன்பது மாதம்தான். புதியது என்று அதைப் போட்டால் வருடத்துக்கு இரண்டுமுறை அப்கிரேடு வேலை.

விண்டோஸ் பழகிய கைக்கு ‘லினக்ஸ் மின்ட்’ எளிது. ஸ்டார்ட் மெனு அதே இடத்தில் இருக்கும். மின்ட் 22, உபுண்டு 24.04 மீது கட்டப்பட்டது. அதற்கும் 2029 வரை ஆயுள். ரேம் 4 ஜிபிதான் என்றால் அதிலேயே ‘எக்ஸ்எஃப்சிஇ’ பதிப்பை எடுங்கள். இலகுவானது.

முதலில் ஓட்டிப் பாருங்கள்

8 ஜிபி பென்டிரைவ் போதும். அதில் மின்ட்டை ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பை ஆன் செய்யலாம்; ஹார்டு டிஸ்க்கில் எதுவும் மாறாது. வைஃபை, ஒலி, கேமரா, பிரின்டர் நான்கும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துத் தட்டிப் பாருங்கள்.

எம்.எஸ். ஆஃபீஸுக்குப் பதில் லிப்ரே ஆஃபீஸ் இருக்கிறது. ஆனால் டேலி, போட்டோஷாப் நேரடியாக ஓடாது. வீட்டில் யாராவது அவற்றில் வேலை பார்த்தால் அந்தக் கணினியைத் தொட வேண்டாம்.

நிறுவும்போது ஓர் இடத்தில் கவனம். ‘டிஸ்க்கை அழித்து நிறுவு’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழைய போட்டோ, ஃபைல் எல்லாம் போய்விடும். முன்பே வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல் எடுங்கள். எடுத்ததும் இரண்டு மூன்று ஃபைலைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

அப்கிரேடு எப்படி?

மின்ட் 22-லிருந்து 22.1, 22.2 என்று போவது எளிது. அப்டேட் மேனேஜரிலேயே முடியும். 21-லிருந்து 22-க்குத் தாவுவதுதான் பெரிய வேலை. முதலில் 21.3-க்கு வர வேண்டும். பிறகு மின்ட் தரும் அப்கிரேடு கருவியை ஓட்ட வேண்டும். 21-க்கு 2027 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு என்பதால் பரீட்சை நேரத்தில் இதைத் தொடாதீர்கள். விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் ‘டைம்ஷிஃப்ட்’டில் ஒரு பதிவு எடுங்கள். ஏதாவது கோளாறானால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அது சிஸ்டத்தைத்தான் காக்கும். உங்கள் போட்டோக்களை வழக்கமாகச் சேர்க்காது. அவற்றுக்குத் தனி நகல் வேண்டும். சார்ஜரையும் செருகிவிடுங்கள். பாதியில் கரன்ட் போனால் தலைவலிதான்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சின்ன வேலை. ‘மின்ட் 22 - ஏப்ரல் 2029’ என்று சீட்டில் எழுதி லேப்டாப்பின் அடியில் ஒட்டுங்கள். அடுத்து யார் அதை எடுத்தாலும் தேதி கண்ணில் படும்.