சட்டத்தில் சுற்றுலா நாலாவது இடத்தில்தான் இருக்கிறது



சரணாலயத்துக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை விடவே கூடாது என்று நம் உறவுக்காரப் பையன் ஒருவன் போன வாரம் எழுதியிருந்தான். அவனுக்கும் சேர்த்துத்தான் இது.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவைப் படியுங்கள். உள்ளே போக எதற்கெல்லாம் அனுமதி தரலாம் என்று வரிசையாக இருக்கிறது. முதலாவது, வன உயிரினங்களைக் கவனித்து அறிவது. பிறகு புகைப்படம், அறிவியல் ஆராய்ச்சி. சுற்றுலா நாலாவதுதான். 2022 திருத்தத்தில், வாழிடத்துக்குக் கேடு வரக் கூடாது என்ற நிபந்தனையோடு, படப்பிடிப்பையும் சேர்த்துவிட்டார்கள்.

நடப்பு என்ன? வேலையில் இருந்தபோது, பிள்ளைகள் மாதம் ஒருமுறை வந்து பறவைகளை எண்ண அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு (பெயர் எதற்கு?) மூன்று முறை நடந்தேன். "ஆராய்ச்சின்னா யுனிவர்சிட்டி லெட்டர் வேணும். இல்லேன்னா டிக்கெட் எடுத்துப் பாத்துட்டுப் போங்க சார்" என்றார்கள். பார்த்துவிட்டுப் போவதும் படிப்பதும் ஒன்றா?

அந்தப் பையன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பஸ் நிறையப் பிள்ளைகளை ஏற்றி, பாட்டுப் போட்டு, தயிர்சாதப் பொட்டலத்தை அங்கேயே எறிந்துவிட்டு வருவதற்குக் 'கல்விச் சுற்றுலா' என்று பெயர் வைத்தவரை முதலில் பெஞ்சு மேல் ஏற்ற வேண்டும்! ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த உள்ளான், ஒவ்வொரு கூச்சலுக்கும் எழுந்து பறந்தால் அது தின்று சேர்த்த கொழுப்பெல்லாம் வீண். அத்தகைய கூட்டத்தைத் தாராளமாகத் தடுக்கட்டும்.

ஆனால் கோடியக்கரையைப் பாருங்கள். சாலிம் அலி காலத்திலிருந்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளின் காலில் வளையம் மாட்டிப் பதிவு செய்திருக்கிறார்கள். சலிப்பூட்டும் வேலை. பிடி, அள, எழுது, விடு. அந்தப் பொறுமையைப் பதினாலு வயதில் பழகாதவன், பின்னாளில் யுனிவர்சிட்டி லெட்டரோடு வந்து என்ன கிழிப்பான்?

நான் கேட்பது சலுகை இல்லை. பள்ளிகளுக்கென்று தனி அனுமதி, கறாரான விதிகளோடு. இருபது பேருக்கு மேல் வேண்டாம். கூடவே வனக்காவலர். கூடு கட்டும் இடங்களுக்குப் பக்கத்திலேயே போகக் கூடாது. எண்ணிய கணக்கில் ஒரு நகல் வனச்சரக அலுவலகத்துக்கு. ஒரு தடவை மீறினால் அந்தப் பள்ளிக்கு அந்த வருஷம் அனுமதி ரத்து.

உங்களில் சிலர் இன்று தலைமையாசிரியர்கள், சிலர் வனத்துறையில். முன்னவர்கள் விண்ணப்பம் போடுங்கள், பின்னவர்கள் அதை மேசையில் தூங்க விடாதீர்கள். மாதிரி விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். வலசைப் பறவைகள் அக்டோபரில் வரத் தொடங்கிவிடும்.