கர்ப்பிணித் தாய்க்குத் தடுப்பூசி: முடிவு அவளுடையது, வசதி அரசின் கடமை



மலையகத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கும் ஆசிரியர்களில் கணிசமானோர் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்தவர்கள். தவணை விடுமுறையில் நாம் கரைக்குப் போனாலும், இங்கே லயத்தில் சங்கக் கூட்டம் வைத்தாலும், பெண்கள் கேட்கும் கேள்வி ஒன்று ஒரேமாதிரி இருக்கிறது: “வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இன்புளுவென்சா ஊசி போடலாமா?”

எமது நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். போடலாம், போடுவது நல்லது என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் முடிவு அந்தத் தாயினுடையது. கணவனோ, மாமியோ, கங்காணியோ, சங்கமோ அவளுக்காக முடிவெடுக்க முடியாது. அவள் முடிவெடுப்பதற்குச் சரியான தகவலும், ஊசி கிடைக்கும் கிளினிக்கும் வேண்டும். இன்று இரண்டுமே குறைவாக இருக்கிறது.

இன்புளுவென்சா சாதாரணத் தடிமன் அல்ல. கர்ப்ப காலத்தில் இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை கூடும். நோயை எதிர்க்கும் சக்தியிலும் மாற்றம் வரும். அதனால் மற்றவர்களுக்கு நாலு நாள் காய்ச்சலாகப் போவது, பிள்ளைத்தாய்ச்சிக்கு நியூமோனியாவாக மாறலாம். குறைமாதப் பிரசவத்துக்கும் காரணமாகலாம். 2009 இல் எச்1என்1 உலகமெங்கும் பரவியபோது கர்ப்பிணிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். 2012 இல் உலக சுகாதார நிறுவனம், இந்த ஊசியைப் பயன்படுத்தும் நாடுகள் கர்ப்பிணிகளுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. எந்த மாதத்திலும் போடலாம் என்றும் சொன்னது.

இலங்கையில் இந்த நோய் வழமையாக ஆண்டில் இரண்டு தடவை கூடுகிறது: ஏப்ரலை அடுத்த மாதங்களில் ஒன்று, நவம்பரை அடுத்த மாதங்களில் இன்னொன்று. முதலாவது காலத்தில் மலையில் கொழுந்து எடுப்பவர்கள் மழையில் நனைகிறார்கள். இரண்டாவது காலம் கல்முனைக் கரையில் மாரி. ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கும் லயத்திலும், சுவரோடு சுவர் ஒட்டிய சாய்ந்தமருது வீடுகளிலும் ஒருவருக்கு இருமல் வந்தால் மற்றவர்களுக்கும் வர அதிக நாள் எடுக்காது.

ஊசியால் இன்னொரு பயனும் உண்டு. தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகிறது. ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு இந்த ஊசி போட முடியாது. தாய் கொடுப்பதுதான் அதற்குக் காப்பு. பங்களாதேசின் டாக்காவில் 340 தாய்மாரை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2008 இல் வெளியானது. கர்ப்ப காலத்தில் இந்த ஊசி போட்ட தாய்மாரின் கைக்குழந்தைகளுக்கு, சோதனையில் உறுதியான இன்புளுவென்சா 63 வீதம் குறைந்திருந்தது. நம்மைப் போன்ற மழையும் நெருக்கமும் வறுமையும் உள்ள, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் கிடைத்த முடிவு இது.

இனி, பயத்தைப் பற்றிப் பேசுவோம். “படிப்பறிவு இல்லாதபடியால் பயப்படுகிறார்கள்” என்று சிலர் சொல்வதை நாம் ஏற்கவில்லை. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில், முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றில் கறிக்குள் மலட்டு மாத்திரை போட்டதாக வதந்தி கிளப்பி, கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக் கட்டி என்று தெரிந்தது. 2020 இல் இருந்து 2021 பெப்ரவரி வரை, கொரோனாவால் இறந்தோரின் ஜனாஸாக்களை அடக்க விடாமல் எரித்தார்கள். அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. 2024 இல்தான் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. மலையகத்திலும், சரியாக விளங்கப்படுத்தாமல் கருத்தடை செய்தார்கள் என்ற முறைப்பாடு நீண்ட காலமாக இருக்கிறது. இவ்வளவையும் கண்ட உம்மாவும் அம்மாவும் புது ஊசியைப் பார்த்து நாலு கேள்வி கேட்பது அவர்களது உரிமை. அந்தக் கேள்விகளுக்கு மரியாதையாகப் பதில் சொல்வது சுகாதாரப் பகுதியின் கடமை.

நமக்குத் தெரிந்த பதில்களை இங்கே தருகிறோம். பிள்ளை உண்டாவதை இந்த ஊசி தடுக்காது. கர்ப்பிணிகளுக்குப் போடுவதில் உயிருள்ள கிருமி இல்லை. ஆகவே ஊசியால் இன்புளுவென்சா வராது. கை நோகலாம், ஓரிரு நாள் உடம்பு காயலாம். வேலை செய்ய இரண்டு கிழமை எடுக்கும். வைரசு மாறிக்கொண்டே இருப்பதால் பலன் ஒரு பருவத்துக்குத்தான். ஊசி போட்டவருக்கு நோய் வரவே வராது என்றும் இல்லை. வந்தாலும் கடுமை குறையும். முன்னர் இதே ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள் போடக்கூடாது. அன்றைக்குக் காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போட வேண்டும்.

ஹலால் பற்றியும் கேட்கிறார்கள். பன்றி ஜெலட்டின் பற்றிய பேச்சு பெரும்பாலும் மூக்கில் தெளிக்கும் மருந்தைப் பற்றியது. அதில் உயிருள்ள கிருமி இருப்பதால் கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுப்பதில்லை. ஊசி மருந்தில் ஜெலட்டின் இல்லாத வகைகள் உண்டு. பெட்டிக்குள் வரும் தாளில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று போட்டிருக்கும், கேட்டு வாசியுங்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு இந்த ஊசியைப் போடும்படி சவூதி சுகாதார அமைச்சே சொல்கிறது. கல்முனையில் எத்தனையோ ஹாஜிமார் போட்ட ஊசிதான் இது.

நம் தாய்மார் ஊசிக்கே எதிரானவர்களும் அல்லர். கர்ப்ப காலத்தில் ஏற்பு ஊசியைத் தலைமுறை தலைமுறையாகப் போட்டு வருகிறார்கள். பிறந்த பிள்ளைக்கு வரும் ஏற்பு நோய் இந்த நாட்டில் ஒழிந்தது அதனால்தான். ஏன் அதை ஏற்றார்கள்? வீட்டுக்கு வரும் மிட்வைப் தெரிந்தவர். அவர் தமிழில் விளங்கப்படுத்தினார். கிளினிக்கில் காசு கேட்கவில்லை. இன்புளுவென்சா ஊசிக்கு அந்த வழி இல்லை. தேசிய தடுப்பூசித் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு அது சேர்க்கப்படவில்லை. தனியார் வைத்தியசாலையில் போட வேண்டும் என்றால் கொழுந்து எடுப்பவளுக்குச் சில நாள் சம்பளம் போய்விடும். மருதமுனையில் தறி நெய்பவளுக்கும் அதே கதைதான். காசுள்ளவள் முடிவெடுக்கிறாள், இல்லாதவளுக்கு முடிவெடுக்க எதுவுமே இல்லை.

ஆகவே நாம் கோருவது இவை. கர்ப்பிணிகளுக்கான இன்புளுவென்சா ஊசியைச் சுகாதார அமைச்சு இலவசமாக்கி, தோட்டக் கிளினிக்குகளிலும் கல்முனைப் பிராந்தியக் கிளினிக்குகளிலும் கொடுக்க வேண்டும். இரண்டு பருவத்துக்கும் முன்னரே மருந்து வந்து சேர வேண்டும். தமிழில் எழுதிய விளக்கமும், தமிழில் பேசும் உத்தியோகத்தரும் வேண்டும். கிளினிக் நாளுக்குத் தோட்ட நிர்வாகம் சம்பளம் வெட்டக்கூடாது. வேண்டாம் என்று சொல்லும் தாயை ஏசவோ வற்புறுத்தவோ கூடாது.

அதுவரை, கர்ப்பிணிகள் கிளினிக் போகும்போது இந்த ஊசியைப் பற்றி வைத்தியரிடம் வாய் திறந்து கேளுங்கள். காய்ச்சலோடு மூச்செடுக்கக் கஷ்டமாக இருந்தாலோ, நெஞ்சு நொந்தாலோ, பிள்ளையின் துடிப்புக் குறைந்தாலோ, பெனடோல் போட்டுக்கொண்டு மலைக்கோ வயலுக்கோ போக வேண்டாம்; உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டெங்குவும் காய்ச்சலோடுதான் தொடங்கும். கணவன்மாரே, மாமிமாரே, அவள் கேட்கும்போது துணைக்குப் போங்கள்.

சங்கக் கிளைகள் அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றி, தத்தம் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் எழுத்தில் அனுப்ப வேண்டும்.