அது ராமென் இல்லையாம்

ஜப்பான் போய்வந்த நம் ஆட்கள் எழுதும் பயணக் கட்டுரைகளில் ராமென் கடைக்கென்று ஒரு பத்தி கட்டாயம் இருக்கும். எட்டே எட்டு இருக்கை. தலைகுனிந்து சாப்பிடும் மனிதர்கள். பேச்சு மூச்சு கிடையாது. சமையற்காரர் ஏறக்குறைய ஒரு துறவி. அடுத்த வரியிலேயே நம்மவர்களுக்கு ஒரு குட்டு: குடும்பத்தோடு கும்பலாக வந்து, "பன்றி இல்லாம ஏதாச்சும் கிடைக்குமா" என்று கேட்டு அந்தத் தவத்தைக் கலைக்கிறார்களாம்.

முதலில் அந்த மௌனத்தைப் பார்ப்போம். பத்துப் பேர் நூடுல்ஸை உறிஞ்சும் சத்தத்தை மௌனம் என்று எழுத ஒரு தனித் திறமை வேண்டும். பேச்சு குறைவாக இருப்பதற்குக் காரணம் ஜென் இல்லை, வாடகை. வாசலில் டிக்கெட் மெஷின் இருப்பது ஆர்டர் எடுக்கவும் காசு வாங்கவும் தனி ஆள் போட வேண்டாம் என்பதற்காக. ஒரு கிண்ணம் ஆயிரம் யென்னைத் தாண்டினால் ஆள் வரமாட்டான் என்ற பயம் அந்தத் தொழிலில் நெடுங்காலமாக உண்டு. அதற்கு 'ஆயிரம் யென் சுவர்' என்றே பெயர். விலையை ஏற்ற முடியாதவர் இருக்கையைச் சுழற்றித்தான் பிழைக்க முடியும். ஃபுகுவோகாவில் நாகஹாமா மீன் சந்தைப் பக்கம் நூடுல்ஸ் அவ்வளவு மெல்லிசாக இருப்பதும் அவசரத்தில் இருக்கும் சந்தைத் தொழிலாளிகளுக்காகத்தான். சட்டென்று வெந்துவிடும். போதவில்லையா, 'காஎடாமா' என்று கேட்டால் மிச்ச சூப்பில் இன்னொரு பிடி விழும். நம்ம ஊர் மதியச் சாப்பாட்டு மெஸ்ஸில் முதுகுக்குப் பின்னால் அடுத்த ஆள் வந்து நிற்பாரே, அதே கணக்கு. அதை யாரும் தியானம் என்று எழுதுவதில்லை.

அடுத்தது 'அசல்'. 1910இல் தோக்கியோவின் அசகுசாவில் ரைராய்கென் கடையைத் திறந்த ஒசாகி கன்இச்சி, சமையற்காரர்களை யோகோஹாமாவின் சீனக் குடியிருப்பிலிருந்து கூட்டிவந்தார். அப்போது அந்தப் பண்டத்தின் பெயரே 'ஷினா சோபா', அதாவது சீன நூடுல்ஸ். போருக்குப் பிறகு அமெரிக்கக் கோதுமை வந்து இறங்கியது. சீனாவிலிருந்து திரும்பியவர்கள் தள்ளுவண்டி போட்டார்கள். 1958இல் பாக்கெட் ராமெனைக் கொண்டுவந்த மோமோஃபுகு ஆண்டோ பிறந்தது தைவானில். சப்போரோவின் மிசோ ராமென், மிசோ சூப்பில் நூடுல்ஸ் போட்டுத் தரச்சொல்லி ஒரு வாடிக்கையாளர் கேட்டதில் பிறந்தது என்பார்கள். ஆக, கேட்டால்தான் ராமென் மாறியிருக்கிறது. இதில் எந்த வருடத்து ராமெனை அசல் என்கிறீர்கள்?

தோக்கியோ ஸ்டேஷனில், டிக்கெட் கேட்டுக்கு உள்ளேயே 'டீஸ் தான்தான்' என்றொரு கடை. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. மூன்று நாளாக வாழைப்பழத்திலும் பருப்புப்பொடிச் சாதத்திலும் ஓட்டிக்கொண்டிருந்த அம்மா அங்கே முழுக் கிண்ணம் சாப்பிட்டாள். "எள்ளுத் தொகையலைக் கரைச்சு விட்ட மாதிரி இருக்குடா" என்றாள். போட்டோவை வாட்ஸப்பில் போட்டேன். நண்பர் ஒருவர் உடனே: "அது ராமென் இல்ல ப்ரோ." சொன்னவர் பெங்களூரில் பன்னீர் ஷவர்மா சாப்பிடுகிறவர்!

அந்த எள்ளு சூப்பும் தழுவல்தான். சிச்சுவானில் பெரும்பாலும் சூப் இல்லாத காரமான நூடுல்ஸ் அது. ஜப்பானியர் நாக்குக்காக அதை எள்ளு விட்டுச் சூப்பாக்கியவர் அங்கே குடியேறிய சென் கென்மின் என்ற சமையற்காரர். அவர் மாற்றினால் பாரம்பரியம், அம்மாவுக்காக இன்னொருவர் மாற்றினால் கலப்படமா?

சைவம் என்றதுமே சாதி வாடை அடிக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பக்கத்து இலையில் மீன் இருந்தால் எழுந்து போகிறவர்களோடு எனக்கும் சண்டைதான். ஆனால் பக்கத்துக் கிண்ணத்தில் என்ன இருந்தாலும் உட்கார்ந்து, தன் கிண்ணத்தில் மட்டும் வேண்டாம் என்பது வேறு. ஹலால் தேடும் என் நண்பனின் குடும்பமும் கேட்பது அவ்வளவுதான்.

இந்த 'அசல்' பேச்சுக்கான விலையை வீட்டில் யாரோ ஒருவர்தான் கட்டுகிறார், பெரும்பாலும் அம்மாக்கள். பேர்பெற்ற கடைமுன் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டு, "நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க, எனக்குப் பசியில்ல" என்று வெளியே பெஞ்சில் பையைக் காவல் காக்கிறவர்கள். அவர்கள் எந்தப் பயணக் கட்டுரையிலும் வருவதில்லை.

கடைக்காரர் பக்கம் ஒரே ஒரு நியாயம் உண்டு, அதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். மதியம் பன்னிரண்டு மணிக்கு எட்டு இருக்கைக் கடையில் ஐந்து பேராக நுழைந்து, இரண்டு கிண்ணம் வாங்கிப் பங்குபோட்டுக்கொண்டு அரட்டை அடித்தால் அது அவர் வயிற்றில் அடிப்பது. மேசை போட்ட கடையாகப் பாருங்கள், மூன்று மணிக்குப் போங்கள், ஆளுக்கொரு கிண்ணம் வாங்குங்கள், முடிந்ததும் எழுந்துவிடுங்கள். டிக்கெட் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே சூப் எதில் கொதித்தது என்று கேட்டுவிடுங்கள். மேலே காய்கறி மட்டும் மிதக்கும் சோயா ராமெனிலும் அடியில் பன்றி எலும்போ கோழியோ காய்ந்த மீனோ இருக்கும்.