புள்ளிக்குறிக்கு இடப்பக்கம் யார்?
பொருளின் முறையை மீளழைப்பாக ஒப்படைத்தல் பற்றிய ஒரு கருத்து



செய்நிரலாக்கத்தில் நாம் விடும் பிழைகள் இருவகைப்படும். ஓர் அடைப்புக்குறி விடுபட்டால் வலை மேலோடி உடனே வழுச்செய்தி தரும். இவ்வகைப் பிழையைத் திருத்துவது இலகு. மற்றைய வகைப் பிழை எச்செய்தியையும் தராது. செய்நிரல் இயங்கும், பக்கம் தோன்றும், விடை மட்டும் பிழையாக இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரு பொருளின் முறையை மீளழைப்புச் சார்பாக ஒப்படைக்கும்போது ஏற்படும் பிழை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

இதற்கு ஒரு வரி மருந்தை மனனம் செய்துகொள்ளும் வழக்கம் மாணவரிடையே உண்டு. "பைன்ட் போட்டால் சரி" என்பார் சிலர். "அம்புக்குறிச் சார்பு எழுதினால் சரி" என்பார் வேறு சிலர். இம்மருந்துகள் பயனற்றவை அல்ல. ஆனால் அவற்றுக்கு முன்னர் ஒரு கேள்வியைக் கற்க வேண்டும். "இந்தச் சார்பை யார், எவ்வாறு அழைக்கிறார்?" என்பதே அக்கேள்வி. அதைக் கேட்கப் பழகாதவருக்கு எந்த மருந்தும் நிலைத்த பயன் தராது என்பது எனது கருத்து.

(குறிப்பு: இங்கு கட்டளைச் சொற்கள் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சிட வேண்டும்.)

1. சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம்

பொருள் என்பது தொடர்புடைய தரவுகளையும் அவற்றின் மீதான செயல்களையும் ஒன்றுசேர்த்து வைத்திருக்கும் அமைப்பாகும். அதிலுள்ள தரவு பண்பு எனவும், அதிலுள்ள சார்பு முறை எனவும் அழைக்கப்படும். முறை தனது பொருளைக் குறிப்பிட 'திஸ்' என்ற சொல்லைப் பயன்படுத்தும்.

மீளழைப்புச் சார்பு என்பது நாம் உடனே அழைக்காமல், "தேவையான வேளையில் நீ அழை" என்று வேறொருவரிடம் ஒப்படைக்கும் சார்பாகும். பொத்தான் அழுத்தப்படும்போதும், குறித்த நேரம் கழியும்போதும் மேலோடி இவ்வாறு ஒப்படைக்கப்பட்ட சார்புகளையே அழைக்கின்றது.

2. ஓர் உதாரணம்

பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒரு வலைப்பக்கம் தயாரிப்பதாகக் கொள்வோம். நீலஇல்லம் என்னும் பொருளில் மொத்தம் என்ற பண்பு உண்டு. அதன் தொடக்கப் பெறுமானம் 0. கூட்டு என்ற முறை 'திஸ்.மொத்தம்' என்பதுடன் 5 ஐக் கூட்டும். காட்டு என்ற முறை 'திஸ்.மொத்தம்' என்பதைப் பலகையில் எழுதும்.

நாமே நேரடியாக

நீலஇல்லம்.கூட்டு()

என்று அழைத்தால் மொத்தம் 5 ஆகும். இதில் சிக்கல் இல்லை. இனி, பொத்தானை அழுத்தும்போது இது நிகழ வேண்டும் எனக் கருதிப் பின்வருமாறு எழுதுகிறோம்:

பொத்தான்.ஆட்இவென்ட்லிசினர்("கிளிக்", நீலஇல்லம்.கூட்டு)

பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் நீலஇல்லத்தின் மொத்தம் 0 ஆகவே இருக்கும். வழுச்செய்தி எதுவும் வராது. ஏன்? நாம் ஒப்படைத்தது சார்பை மாத்திரமே. நீலஇல்லம் என்ற பொருள் அதனுடன் செல்லவில்லை. மேலோடி அச்சார்பை அழைக்கும்போது 'திஸ்' என்பதற்கு அந்தப் பொத்தானையே தருகின்றது. பொத்தானுக்கு மொத்தம் என்ற பண்பு இல்லை. வரையறுக்கப்படாத ஒன்றுடன் 5 ஐக் கூட்டினால் 'எண் அல்ல' என்னும் சிறப்புப் பெறுமானம் கிடைக்கும். அது பொத்தானிலேயே புதியதொரு பண்பாகப் பதியப்படும். மாணவர் ஓடிப் பெற்ற புள்ளிகள் பொத்தானின் கணக்கிற் சேர்ந்து அழிந்து போகின்றன.

அடுத்து, ஒவ்வொரு வினாடியும் பலகையைப் புதுப்பிக்க விரும்பி

செட்இன்டர்வெல்(நீலஇல்லம்.காட்டு, 1000)

என்று எழுதுகிறோம். இங்கு 'திஸ்' பொத்தான் அல்ல. நேரக்கணிப்பின் மூலம் அழைக்கப்படும்போது மேலோடியின் சாளரப் பொருளே 'திஸ்' ஆகின்றது. சாளரத்துக்கும் மொத்தம் இல்லை. எனவே பலகையில் 'வரையறுக்கப்படாதது' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் தோன்றும்.

ஒரே பொருளின் இரு முறைகள் இரு வேறு இடங்களில் ஒப்படைக்கப்பட்டு, இரு வேறு உரிமையாளரைப் பெற்றுவிட்டன. முறைகளை எழுதிய விதத்தில் எப்பிழையும் இல்லை. அழைத்தவர் மாறினார், 'திஸ்' மாறியது.

இங்கு வேறொரு பொறியும் உண்டு. ஒப்படைக்கும் இடத்தில் 'நீலஇல்லம்.கூட்டு()' என்று அடைப்புக்குறியுடன் எழுதினால், பக்கம் திறக்கும்போதே முறை ஒரு தடவை இயங்கிவிடும். மொத்தம் உடனே 5 ஆகும். அதன்பின் பொத்தானை அழுத்தினால் எதுவும் நிகழாது. ஏனெனில் ஒப்படைக்கப்பட்டது சார்பு அல்ல, சார்பு இயங்கித் திருப்பிய பெறுமானமே. அடைப்புக்குறி இருந்தால் "இப்போதே செய்", இல்லாவிட்டால் "இதை வைத்துக்கொள்" என நினைவிற் கொள்க.

3. தமிழ் இலக்கணத்தில் இதற்கு இணை உண்டு

'திஸ்' என்பதன் நேர்த் தமிழ் 'இது'. தமிழ் இலக்கணத்தில் இகரம் அண்மைச் சுட்டு எனக் கற்றிருக்கிறீர்கள். "இது யாருடைய கொப்பி?" என்று ஒருவர் கேட்டால், அவருக்கு அருகே உள்ள கொப்பியையே நாம் பார்க்கிறோம். அதே வாக்கியத்தை வகுப்பின் மறுமூலையில் நிற்பவர் கேட்டால் 'இது' வேறொரு கொப்பியைக் குறிக்கும். வாக்கியம் மாறவில்லை, சொல்பவர் நிற்கும் இடம் மாறியது.

'திஸ்' என்பதும் அவ்வாறான ஒரு சுட்டுச் சொல்லே. சார்பு எங்கே எழுதப்பட்டது என்பது அதைத் தீர்மானிப்பதில்லை. சாதாரண சார்பொன்று அழைக்கப்படும் கணத்திலேயே 'திஸ்' தீர்மானிக்கப்படும். நாம் அழைக்கும்போது புள்ளிக்குறிக்கு இடப்பக்கம் ஒரு பொருள் இருந்தால் அப்பொருளே 'திஸ்'. அப்படி ஒன்று இல்லாவிட்டால் அழைப்பவர் தருவதே 'திஸ்'.

4. இது மொழியின் குறையா?

ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவத்தை நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் பத்து நாட்களில் உருவாக்கினார். அவசரத்தில் விளைந்த குறை இதுவெனப் பலர் கூறுவர். ஏனைய மொழிகளோடு ஒப்பிட்டால் அக்கூற்றில் ஓரளவு நியாயம் தெரியும். பைதன் மொழியில் ஒரு பொருளின் முறையை எடுத்து ஒப்படைத்தால், அது தன் பொருளையும் உடன் கொண்டு செல்லும். பிஎச்பி மொழியில் நீண்டகாலமாக உள்ள வழி, பொருளையும் முறையின் பெயரையும் இரு உறுப்புகள் கொண்ட அணியாகச் சேர்த்துத் தருவதாகும். அதாவது, உரிமையாளரை நாமே வெளிப்படையாக எழுதுகிறோம்.

எனினும் இதை வெறுங் குறை என்று ஒதுக்குவது சரியன்று. ஜாவாஸ்கிரிப்டில் சார்பு எவருக்கும் நிரந்தர உடைமையன்று. நான்கு இல்லங்களுக்கு நான்கு பொருள்கள் இருந்தாலும், கூட்டு என்ற ஒரே சார்பை நான்கும் பகிர்ந்துகொள்ளலாம். அழைக்கும்போது 'திஸ்' மாறுவதனாலேயே இப்பகிர்வு இயலுகின்றது. நன்மையைத் தரும் விதிதான் கவனக்குறைவின்போது தீமையையும் தருகின்றது. உண்மையில் குறைகூற வேண்டியது, பிழை நேரும்போது மொழி மௌனமாக இருப்பதையே. 2009 இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் கண்டிப்பு நிலை இம்மௌனத்தை ஓரளவு குறைத்தது. அந்நிலையில் பொருளின்றி வெறுமனே அழைக்கப்படும் சார்பில் 'திஸ்' வரையறுக்கப்படாததாக இருப்பதால் வழுச்செய்தி வரும். ஆனால் எமது உதாரணத்தில் அதுவும் உதவாது. அங்கு மேலோடியே பொத்தானையும் சாளரத்தையும் 'திஸ்' ஆகத் தந்துவிடுகின்றது.

5. மனனம் ஏன் போதாது?

வழக்கமான தீர்வுகளையும், அவை தவறும் இடங்களையும் பார்ப்போம்.

(அ) உறைச் சார்பு: ஒரு பெயரற்ற சார்பை ஒப்படைத்து, அதனுள் 'நீலஇல்லம்.கூட்டு()' என்று எழுதுதல். மேலோடி உறையை அழைக்கும், உறை முறையை அழைக்கும். அப்போது புள்ளிக்குறிக்கு இடப்பக்கம் நீலஇல்லம் இருப்பதால் விடை சரியாகும். ஆனால் சாதாரண உறைச் சார்பினுள் 'திஸ்.கூட்டு()' என்று எழுதிவிட்டால் மீண்டும் பொத்தானிடமே வந்து சேர்வோம்.

(ஆ) பைன்ட்: 2009 இன் பதிப்பிலேயே இது மொழியின் பகுதியாகியது. 'நீலஇல்லம்.கூட்டு.பைன்ட்(நீலஇல்லம்)' என்பது 'திஸ்' நிலையாகக் கட்டப்பட்ட புதிய சார்பொன்றைத் தரும். 'புதிய' என்ற சொல்லைக் கவனிக்க. போட்டி முடிந்தபின் பொத்தானிலிருந்து அச்சார்பை நீக்குவதற்காக மீண்டும் ஒரு தடவை பைன்ட் எழுதினால், அது வேறொரு புதிய சார்பைத் தரும். பழையது நீங்காது, பொத்தான் தொடர்ந்து கூட்டிக்கொண்டே இருக்கும். முதலில் கிடைத்த சார்பை ஒரு மாறியில் சேமித்து, அதையே நீக்கவும் பயன்படுத்த வேண்டும்.

(இ) அம்புக்குறிச் சார்பு: 2015 இன் ஆறாம் பதிப்பில் வந்தது. இதற்கெனத் தனியான 'திஸ்' கிடையாது. எழுதப்பட்ட இடத்தைச் சூழ்ந்துள்ள 'திஸ்' எதுவோ அதையே எடுத்துக்கொள்ளும். உறையாகப் பயன்படுத்தினால் மிக நன்று. ஆனால் பொருளினுள் கூட்டு என்ற முறையையே அம்புக்குறிச் சார்பாக எழுதினால், 'நீலஇல்லம்.கூட்டு()' என்று முறையாக அழைத்தாலும் மொத்தம் கூடாது. மருந்தே நோயாகிவிடும்.

(ஈ) பொருளையே ஒப்படைத்தல்: பலர் அறியாத வழி இது. 'ஹேண்டில்இவென்ட்' என்ற பெயரில் ஒரு முறை பொருளில் இருந்தால், சார்புக்குப் பதிலாக அப்பொருளையே நிகழ்வுக்கு ஒப்படைக்கலாம். மேலோடி அப்பொருளின் முறையாகவே அதை அழைப்பதால் 'திஸ்' தவறாது. 2000 ஆம் ஆண்டின் வலை நிகழ்வு நியமத்திலேயே இவ்வழி இடம்பெற்றது.

நான்கு தீர்வுகளும் ஒரே கேள்விக்கான நான்கு விடைகளே. கேள்வியை அறிந்தவர் எந்த விடை எங்கே பொருந்தும் என்று தாமே தீர்மானிப்பார். விடையை மட்டும் அறிந்தவர், வினா சிறிது மாறியவுடன் தடுமாறுவார்.

6. "இது எமக்குத் தேவையா?"

சாதாரண தர மாணவருக்கு இவ்வளவு ஆழம் தேவையில்லை என்று சிலர் வாதிடலாம். ஜாவாஸ்கிரிப்டின் எல்லா விதிகளையும் உங்களிடம் எவரும் எதிர்பார்ப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும் ஒரு செய்நிரலை வரிவரியாகப் பின்தொடர்ந்து, ஒவ்வொரு மாறியின் பெறுமானத்தையும் எழுதும் திறன் எந்த மொழியைக் கற்பவருக்கும் அடிப்படையானது. "இந்தச் சொல் இவ்வேளையில் எதைக் குறிக்கின்றது?" என்று கேட்பதே அத்திறனின் உயிர். 'திஸ்' அதற்குக் கிடைத்த நல்லதொரு பயிற்சிக்களம்.

இன்னொரு காரணமும் உண்டு. வழுச்செய்தி வராவிட்டால் செய்நிரல் சரி என்று நம்பும் பழக்கம் ஆபத்தானது. விளையாட்டுப் போட்டியில் ஓர் இல்லத்தின் புள்ளிகள் தவறினால் வாக்குவாதத்துடன் முடியும். நாளை நீங்கள் எழுதப்போகும் செய்நிரல் ஒருவரின் கடன் நிலுவையையோ மருந்தின் அளவையோ கணக்கிடலாம். மௌனமான பிழையைத் தேடிப் பார்க்கும் மனப்பாங்கைப் பாடசாலைக் காலத்திலேயே வளர்த்துக்கொள்ள வேண்டும்.

7. நினைவிற் கொள்க

மீளழைப்பைக் காணும்போதெல்லாம் பின்வரும் மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள்.

1. ஒப்படைக்கப்படுவது சார்பா, சார்பு திருப்பிய பெறுமானமா? (அடைப்புக்குறியைப் பார்க்க.)
2. அதை இறுதியில் அழைப்பவர் யார்? நிகழ்வா, நேரக்கணிப்பா, வேறொரு சார்பா?
3. அழைக்கும் கணத்தில் புள்ளிக்குறிக்கு இடப்பக்கம் யார் இருக்கிறார்?

விடைகளைத் தாளின் ஓரத்தில் எழுதிய பின்னரே தீர்வைத் தெரிவு செய்யுங்கள். சில தடவை பழகியபின் எழுதவே தேவையிராது, கண்ணே கேட்டுக்கொள்ளும்.

பயிற்சி

1. 'சிவப்புஇல்லம்.கூட்டு = நீலஇல்லம்.கூட்டு' என்று எழுதியபின் 'சிவப்புஇல்லம்.கூட்டு()' என அழைத்தால் எவ்வில்லத்தின் மொத்தம் கூடும்?
2. 'செட்இன்டர்வெல்(நீலஇல்லம்.காட்டு(), 1000)' என்பதில் பலகை எத்தனை தடவை புதுப்பிக்கப்படும்?
3. கூட்டு என்ற முறையை நீலஇல்லத்துடன் பைன்ட் செய்து, கிடைத்த சார்பைச் சிவப்புஇல்லத்தின் முறையாக வைத்து அழைத்தால் என்ன நிகழும்?

விடைகள்: 1. சிவப்புஇல்லம். அழைக்கும்போது இடப்பக்கம் இருப்பது அதுவே. 2. ஒரு தடவை மாத்திரம். 3. நீலஇல்லத்தின் மொத்தமே கூடும். பைன்ட் கட்டிய 'திஸ்' பின்னர் மாறாது.